மதுரை மொட்டைமாடியில் கீசாவின் வெயில்

பிரமிடு ஒன்றை நினைவிலிருந்து வரையச் சொன்னால், பெரியவர்களும் குழந்தைகளும் பெரும்பாலும் அறுபது பாகைச் சாய்வில் விறைத்து எழும் ஒரு முக்கோணத்தைப் போடுகிறார்கள். எகிப்தின் கீசாவில் உள்ள கூஃபு மன்னரின் பெரும் பிரமிடு அவ்வளவு நிமிர்ந்து நிற்பதில்லை. அதன் அடிப்பக்கம் 230 மீட்டர். கட்டி முடித்த காலத்து உயரம் ஏறத்தாழ 146.6 மீட்டர், முகத்தின் சாய்வு 52 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஒரு முகத்துக்கு நேர் எதிரே, நெடுந்தொலைவில் நின்று பார்த்தால் அடி 11 பங்கு, உயரம் 7 பங்கு என்ற விகிதத்தில் அது தெரியும். ஒரு மூலைக்கு நேரே நின்றால், அடியாகக் கண்ணுக்குப் படுவது சதுரத்தின் மூலைவிட்டம் என்பதால், அகலம் கூடி, விளிம்பின் சாய்வு 42 பாகையாகத் தாழ்ந்துவிடும். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும், தொலைவிலிருந்து தெரியும் புறக்கோடு இந்த இரண்டு எல்லைகளுக்குள்தான் இருக்கும். இந்த விகிதம் பிடிபடாத படத்தில், மேற்கொண்டு எவ்வளவு வண்ணம் குழைத்தாலும் அந்தக் கட்டடத்தின் பாரம் வந்து சேராது.

எகிப்துக்குப் போய் இதையெல்லாம் அறிந்தவன் அல்லன் நான். மதுரையில் சினிமா பேனர் எழுதும் பட்டறையில் தொழில் பழகி, ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழில் படுத்துவிட்ட பிறகு, வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைந்து கொடுத்து வருகிறேன். ஒத்தக்கடையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர், தம் வீட்டுக் கூடத்துக்கு ஆறடிக்கு நான்கடிக் கித்தானில் கீசா பிரமிடுகளை வரைந்து தரும்படி கேட்டார். பாடப்புத்தகத்தின் சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டே பணிக்காலம் முழுவதும் எகிப்தியப் பாடம் நடத்தியவர் அவர். அந்தப் படத்தில் காட்ட முடியாமல் போனவற்றை ஒருமுறையாவது பெரிதாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றை, பார்க்காத ஊரை வரைய வேண்டிய நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி இங்கே எழுதுகிறேன்.

அளவைக் கண்ணால் உணர்வதற்கு மதுரைக்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலின் வெளிமதில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 800 அடி. கூஃபு பிரமிடின் அடிப்பக்கம் 755 அடி. ஆகவே நான்கு ஆடி வீதிகளையும் தன்னுள் அடக்கிய அந்த மதிலுக்குள் பிரமிடை வைத்தால், சுற்றிலும் குறுகிய ஒரு சந்து மட்டும்தான் மிஞ்சும். தெற்குக் கோபுரத்தின் உயரம் 170 அடி. உச்சிக் கற்கள் போய்விட்ட பின்னும் பிரமிடின் இன்றைய உயரம் ஏறத்தாழ 455 அடி. வரையத் தொடங்கும் முன் சித்திரை வீதிகளில் மதிலை ஒட்டிச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மூலையிலும் நின்று, இந்த மதில் முழுவதும் ஒரே கல்மலையின் அடிவாரம் என்றும், தெற்குக் கோபுரத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்து நடுவில் ஒரு முனையில் போய் அது கூடுகிறது என்றும் எண்ணிப் பார்த்தேன். எண்ணாக மட்டும் அறிந்திருந்த ஒன்று, அந்த நடைக்குப் பிறகு கைக்கு வந்தது. பிரமாண்டத்தை வரைய விரும்புகிறவர்கள், தமக்குப் பழகிய ஒரு இடத்தின் மேல் அந்த அளவைப் பொருத்திப் பார்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அளவு என்பது படத்துக்குள் எப்படி வருகிறது? ஒரு கட்டடம் பெரிதாகத் தெரிவது, அதைக் கித்தானில் பெரிதாக வரைவதால் அன்று; அதன் அருகில் இருப்பவை சிறிதாக இருப்பதால். 138 மீட்டர் உயரத்தின் முன் நிற்கும் மனிதர் அதில் எண்பதில் ஒரு பங்குதான். படத்தில் பிரமிடு 40 சென்டிமீட்டர் உயரம் என்றால், அதன் அடியில் நிற்கும் மனிதர் 5 மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒரு நூல் கூடினாலும் பிரமிடு சுருங்கிவிடும். கல்வரிசைகளும் அப்படித்தான். பெரும் பிரமிடில் ஏறத்தாழ 200 வரிசைகள் இருக்கின்றன. 40 சென்டிமீட்டரில் அவற்றைப் பகிர்ந்தால் ஒரு வரிசைக்கு 2 மில்லிமீட்டர் வரும். கல்லின் மேல் உள்ள ஆசையால் செங்கல் சுவர் போல ஒவ்வொரு கல்லாக வரைந்தால், பார்ப்பவரின் கண் அந்தக் கற்களை எண்ணிப் பார்த்து, இது பத்து வரிசை உயரக் கட்டடம் என்று முடிவு செய்துகொள்ளும். என்னிடம் வரையப் பழகும் மாணவி ஒருத்தி இதற்கு ஒரு நல்ல வழி கண்டாள்: காய்ந்த முதல் பூச்சின் மேல், சற்றே வெளிறிய வண்ணத்தைத் தட்டைத் தூரிகையில் மிகக் குறைவாக எடுத்து, கித்தானின் நெசவு மட்டும் நிறம் பிடிக்கும்படி கிடைவாட்டில் இழுத்தாள். கல் எதையும் வரையாமலேயே ஆயிரம் கற்கள் இருப்பதாகத் தோன்றியது. நானும் அதையே செய்தேன்.

பென்சில் வேலை தொடங்கும் முன் டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். "எந்தக் காலத்துப் பிரமிடு வரையப் போறீங்க தம்பி? கட்டி முடிச்சப்ப இருந்ததா, வெள்ளைக்காரங்க வந்து வரைஞ்சிட்டுப் போனப்ப இருந்ததா, இல்ல இப்ப இருக்குறதா?" வரலாறு படித்தவரின் கேள்வி அது; ஓவியனும் தவறாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டி முடித்த நிலையை வரைவதென்றால், நைலுக்கு அக்கரையில் உள்ள துரா குன்றுகளிலிருந்து வந்த வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் மேலே போர்த்தி, முகங்கள் வழவழப்பாக வெயிலில் கண்ணைக் கூச வைத்திருக்கும். கீசாவின் மூன்று பெரிய பிரமிடுகளில் சிறியதான மென்கவுரே பிரமிடின் அடிவரிசைகள் அஸ்வானின் செங்கருங்கல்லால் மூடப்பட்டிருக்கும். அந்தப் படத்தில் ஒட்டகம் வரக்கூடாது. எகிப்தில் ஒட்டகம் பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது அதற்கு வெகுகாலம் பிந்தி. கழுதைதான் பொருந்தும். இன்றைய நிலையை வரைவதென்றால், கெய்ரோப் பக்கத்துக் கட்டடங்கள் கிழக்கே, சிங்க உடலும் மனித முகமும் கொண்ட பெருஞ்சிலையான ஸ்பிங்க்ஸின் முன்வரை வந்து நிற்பதையும் வரைய வேண்டும்.

இடைப்பட்ட காலம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து ஓவியரான டேவிட் ராபர்ட்ஸ் 1838, 1839 ஆண்டுகளில் எகிப்தில் பயணம் செய்து, ஆலயங்களையும் பிரமிடுகளையும் நேரில் நின்று வரைந்தார். அந்தப் படங்களை லூயி ஹாகே கல்லச்சில் பதித்தார். அக்காலத்தில் ஸ்பிங்க்ஸின் உடலில் பெரும்பகுதி மணலுக்குள் கிடந்தது. முழுவதும் தோண்டி வெளிக்கொணரும் வேலை 1925 முதல் 1936 வரை எமில் பரேஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் மேற்பார்வையில்தான் நடந்தது. அஸ்வான் உயர் அணை 1970இல் கட்டி முடிக்கப்படும் முன், ஆண்டுதோறும் நைலின் வெள்ளம் பாலைவன விளிம்புவரை பரவி நின்றதும் உண்டு. இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டால், வரலாறு தெரிந்தவர் கண்ணில் படம் உடனே பிசகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியையே டீச்சர் தேர்ந்தார். நகரம் நெருங்காத வெளியும், ஒட்டக வரிசையும், தோல் உரிந்த பிரமிடுகளும் ஒருசேரக் கிடைக்கும் காலம் அது. ராபர்ட்ஸின் படங்களை நகல்களில் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். அவர் மனிதர்களை எவ்வளவு சிறிதாக வரைந்திருக்கிறார் என்பதும், நிறத்தில் எவ்வளவு அடக்கம் காட்டியிருக்கிறார் என்பதும் நான் அவரிடம் எடுத்துக்கொண்ட பாடங்கள்.

அடுத்தது, எங்கே நின்று பார்ப்பது என்பது. மூன்று பிரமிடுகளும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்த ஒரு வரிசையில் நிற்கின்றன: வடகிழக்கில் கூஃபு, நடுவில் காஃப்ரே, தென்மேற்கில் மென்கவுரே. ஸ்பிங்க்ஸ் கிழக்கு நோக்கிப் படுத்திருக்கிறது. இந்தத் திசைகளை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டாலே பல முடிவுகள் தாமாகக் கிடைக்கும். டீச்சரின் பேரன், ஸ்பிங்க்ஸின் முகம் முன்னால் தெரிய, அதன் பின்னால் பிரமிடுக்கு நடுவே சூரியன் உதிக்க வேண்டும் என்று விரும்பினான். ஸ்பிங்க்ஸின் முகத்தைப் பார்ப்பவர் மேற்கு நோக்கி நிற்கிறார். அவர் முன்னால் சூரியன் மறையத்தான் முடியும், உதிக்க முடியாது. முகத்தில் காலை வெயில் விழ வேண்டுமானால் பின்வானம் நீலமாக இருக்கும். பின்வானம் பொன்னாக வேண்டுமானால் முகம் நிழலில் இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், அழகாகக்கூட இருக்கலாம். அந்த நிலத்தை மதித்து வரைகிறவர் அதைச் செய்யக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். மூவரும் பேசி, தென்மேற்கிலிருந்து சற்றுத் தெற்காக விலகி நின்று பார்க்கும் காட்சியை எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து ஸ்பிங்க்ஸ் தெரியாது. மூன்று பிரமிடுகளும் இடமிருந்து வலமாக, அருகிலிருந்து தொலைவாக, விலகி விலகிச் செல்லும்.

இந்தக் கோணத்தில் ஒரு சிக்கல் உண்டு. 65 மீட்டர் உயரமே உள்ள மென்கவுரே அருகில் நிற்பதால் பெரிதாகத் தெரியும். எல்லாவற்றிலும் பெரிய கூஃபு தொலைவில் சிறுத்துவிடும். காஃப்ரே உயரமான பாறைத்தளத்தின் மேல் நிற்பதால் கூஃபுவைவிட ஓங்கித் தெரியும். எனவே அளவுகளைப் புகைப்படத்திலிருந்து கட்டம் போட்டு எடுப்பதைவிட, தொலைவைக் கொண்டு கணக்கிட்டு எடுப்பது பாதுகாப்பானது. பேனர் பட்டறையில் சிறிய படத்தின் மேல் கட்டம் போட்டு நாற்பதடிக்குப் பெருக்குவது எங்களுக்கு உயிர்நாடி. அந்த முறையின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. புகைப்படத்தில் லென்ஸின் குணமும் சேர்ந்தே பதிந்திருக்கும். கைப்பேசியின் அகன்ற லென்ஸ் தொலைவில் உள்ளதை மேலும் சுருக்கும். தொலைநோக்கு லென்ஸ் பின்னால் இருக்கும் நகரத்தைப் பிரமிடின் முதுகில் கொண்டுவந்து ஒட்டும். கட்டம் போட்டால் இந்தக் குறைகளும் கட்டத்தோடு பெருகும். வெவ்வேறு லென்ஸில் எடுத்த பல படங்களை ஒப்பிட்டு, நிலவரைபடத்தில் தொலைவுகளை அளந்து, அதன் பிறகு கோடு போட்டேன்.

இனி வெயில். எனக்குப் பெரும் வியப்பைத் தந்த பகுதி இதுதான். மதுரையில் இருந்துகொண்டு வரைகிறவர் மிகக் கவனமாக இருக்க வேண்டியதும் இங்கேதான். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிவேளையில் அது வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. நம் கண்ணுக்கு, கோடையில் வடக்குச் சுவரில் வெயில் படுவது இயல்பு. கீசா 30 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் தலைக்கு நேராக வருவதில்லை. நண்பகலில் எப்போதும் தெற்கேதான் நிற்கும். ஜூன் மாதத்தில் 83 பாகைவரை ஏறும். டிசம்பரில் 37 பாகைக்குள் நின்றுவிடும். பிரமிடின் சாய்வு 52 பாகை என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் அழகான ஒரு விளைவு கிடைக்கிறது. நண்பகல் சூரியன் 52 பாகைக்கு மேல் நிற்கும் மாதங்களில், அதாவது மார்ச் தொடக்கத்திலிருந்து அக்டோபர் முற்பகுதிவரை, உச்சிவேளையில் நான்கு முகங்களிலும் வெயில் படும். தரையில் பிரமிடின் நிழலே விழாது. குளிர்கால நண்பகலிலோ வடக்கு முகம் முழுவதும் இருண்டு, நிழல் அடியைத் தாண்டி 70 மீட்டருக்கும் மேல் வடக்கே நீளும்.

நிழல் இல்லாத பிரமிடு, தாளில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாகிவிடும். அதனால் குளிர்காலக் காலை வேளையைத் தேர்ந்தேன். அப்போது சூரியன் தென்கிழக்கில் தாழ்வாக நிற்கும். தெற்கு முகங்கள் ஒளிபெறும். மேற்கு முகங்கள் நிழலில் ஆழும். நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து வலது பாதி வெயில், இடது பாதி நிழல் என்று ஒவ்வொரு பிரமிடும் கூர்மையாக இரண்டாகப் பிளந்து தெரியும்.

தாளில் கணக்குப் போட்டது கண்ணுக்குப் போதவில்லை. மொட்டைமாடியில் ஒரு மாதிரி செய்து வைத்தேன். 22 சென்டிமீட்டர் அடி, 14 சென்டிமீட்டர் உயரம் என்ற அளவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு பிரமிடை வார்த்து, சுண்ணாம்போடு சிறிது மஞ்சள் காவி கலந்து பூசி, சலித்த ஆற்றுமணல் பரப்பிய பலகையில் வைத்தேன். சுண்ணாம்புக்கல்லின் மேற்பரப்பு வெயிலை எப்படி வாங்குகிறது என்று அறிய, அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடிப் பக்கத்திலிருந்து கிடைத்த ஒரு சுண்ணாம்புக்கல் துண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நம் ஊர் மலைகள் கருங்கல் இனத்தவை. அவற்றில் மினுக்கம் உண்டு, ஈரம் பட்டால் கறுக்கும். சுண்ணாம்புக்கல் மினுங்காமல் ஒளியைப் பரவலாகத் திருப்பித் தரும். இரண்டையும் அருகருகே வெயிலில் வைத்துப் பார்க்காமல் இந்த வேற்றுமை பிடிபடாது.

மதுரை வெயிலைக் கீசாவின் குளிர்கால வெயிலாக்க ஒரு குச்சி போதும். சூரியன் 27 பாகை உயரத்தில் இருக்கும்போது நட்ட குச்சியின் நிழல் குச்சியைப் போல இரண்டு மடங்கு நீளமாக இருக்கும். காலையில் நிழல் அந்த நீளத்துக்கு வரும் நேரம் பார்த்து மாடிக்குப் போய், மாதிரியின் தெற்கு முகத்துக்குச் சற்றுக் கிழக்காக வெயில் விழும்படி பலகையைத் திருப்பிக்கொள்வேன். சூரியன் எந்தத் திசையில் இருந்தாலும் கவலை இல்லை; பலகையைத் திருப்பினால் திசை கிடைக்கும், குச்சியைப் பார்த்தால் உயரம் கிடைக்கும். நிழலின் நீளம், அதன் நுனி சாயும் பக்கம், ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பின் கூர்மை ஆகிய அனைத்தையும் அங்கேயே சிறு அட்டைகளில் வண்ணத்தில் குறித்துக்கொண்டேன். பாலைவனக் கட்டடம் எதை வரைவதானாலும், அது ஜோர்டானில் உள்ள பெட்ராவின் பாறை முகப்பானாலும் சிரியாவில் உள்ள பல்மைராவின் தூண்வரிசையானாலும், அந்த ஊரின் அட்சத்தைத் தெரிந்துகொண்டு இந்த முறையை அப்படியே பின்பற்றலாம்.

மாதிரி எனக்குக் காட்டிய மிகப் பெரிய உண்மை, நிழலின் நிறம் பற்றியது. நிழல் முகத்தைக் கறுப்பு கலந்து இருட்டாக்கினால் படம் செத்துவிடும் என்பது ஓவியர் எல்லோரும் அறிந்ததே. அதை நீலமாக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. நிழல் முகத்தின் மேற்பகுதி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் நீலமும் ஊதாவும் ஏறுகிறது. கீழ்ப்பகுதிக்கு அருகில் வெயில்பட்ட மணல் இருப்பதால், அந்த மணலின் மஞ்சள் ஒளி மேலே எழும்பி, நிழலின் அடியில் இளஞ்சூடான ஒரு காவி நிறத்தைப் படியச் செய்கிறது. நிழலுக்குள்ளேயே இப்படி மேலிருந்து கீழாக நிறம் மாறுவதுதான் பாலைவன வெயிலின் அடையாளம் என்று எனக்குப் படுகிறது. இதைப் பெரிய அளவில் பார்க்க விரும்புகிறவர்கள், கோடையில் வைகை வறண்டு மணல் தெரியும் இடத்தில், ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் கல் வளைவுகளுக்கு அடியில் பார்க்கலாம். வெளியே வெயில் மணலில் விழும்போது, வளைவின் உட்புறம் நிழலாக இருந்தும் உள்ளிருந்து ஒளிர்வது போல மஞ்சள் பூத்திருக்கும். வண்ணப் பலகையில் இதற்கு நான் கண்ட கலவை: மேற்பகுதிக்கு அல்ட்ராமரின் நீலமும் சிறிது பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் வெள்ளையும், கீழே வர வர நீலத்தைக் குறைத்து ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பைக் கூட்டுவது.

ஒளியின் அளவிலும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மதுரையின் வானம் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதத்தால் வெளுத்திருக்கும். வானமே காட்சியில் மிக வெளிச்சமானது என்று நம் கை பழகிவிட்டது. சூரியன் வலப்புறம் சற்றுப் பின்னால் நிற்க, வறண்ட காற்றில் வடக்கு நோக்கிப் பார்க்கும்போது, வெயில்பட்ட சுண்ணாம்புக்கல் வானத்தைவிட வெளிச்சமாக இருக்கும். வானத்தை ஒரு படி இறக்கினால்தான் கல்லில் வெயில் எரியும். ஆகவே வானத்தின் மேற்பகுதியைக் கோபால்ட் நீலத்தில் நிதானமாக இறக்கி, சுத்தமான டைட்டானியம் வெள்ளையைக் காஃப்ரே பிரமிடின் உச்சிக்கென்று ஒதுக்கி வைத்தேன். பழைய மேற்போர்வைக் கற்கள் அந்த உச்சியில் மட்டும் இன்னும் உதிராமல் இருக்கின்றன. மற்றக் கற்களை இடைக்காலத்தில் கெய்ரோவின் கட்டடங்களுக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று பிரமிடுகளில் நடுவிலுள்ளதை அடையாளம் காட்டுவது அந்தத் தொப்பிதான். அது வழவழப்பாகவும், அதற்குக் கீழே உள்ளது சொரசொரப்பாகவும் தெரியும்படி தூரிகையை மாற்றிப் பிடிக்க வேண்டும். வெளிச்ச அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பார்ப்பது எளிய வழி.

தொலைவைக் காட்டும் காற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒத்தக்கடையிலிருந்து பார்த்தால் யானைமலை கைக்கெட்டும் தூரத்தில் ஒவ்வொரு வரியும் தெரிய நிற்கும். வடக்கே அழகர்மலை நீலம் படிந்து ஒரே தட்டாகத் தெரியும். மழை பெய்து காற்று கழுவப்பட்ட நாளில் சிறுமலை அதைவிட வெளிறிய நீலத்தில் எட்டிப் பார்க்கும். இது தெளிந்த காற்றின் தொலைவு. ஆடிக் காற்றில் உசிலம்பட்டிச் சாலையில் போகிறவர்கள் பார்ப்பது வேறு தொலைவு: புழுதியால் மலைகள் நீலமாகாமல் வெளிறிய மண்ணிறமாகிவிடும். எகிப்தில் இளவேனிலில் வீசும் கம்சின் என்ற புழுதிக்காற்று செய்வதும் இதுவே. பாலைவனம் என்றதும் எல்லாத் தொலைவையும் நீலமாக்குவதோ, எல்லாவற்றையும் மஞ்சள் புழுதியாக்குவதோ கூடாது. வரையும் பருவத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். நான் வரைந்தது குளிர்காலம் என்பதால், வலக்கோடியில் நைல் சமவெளியின் மெல்லிய பச்சைக் கோட்டின் மேல் காலைப் பனியைப் படியவிட்டு, அதற்கு அப்பால் முகட்டம் குன்றுகளை வெளிறிய ஊதாவில் தொட்டுவிட்டேன். கூஃபுவின் நிழலை மென்கவுரேயின் நிழலைவிட ஒரு பங்கு வெளிறச் செய்ததால் தொலைவு தானாக விழுந்தது.

முன்நிலத்தில் அலை அலையான மணல்மேடுகளை வரையும் ஆசை யாருக்கும் வரும். கீசாவின் நிலம் அப்படிப்பட்டதன்று. அது சுண்ணாம்புப் பாறை மேடு. கூழாங்கல்லும் உடைகல்லும், இடையிடையே காற்று கொண்டுவந்து தள்ளிய மணலும்தான் அங்கே இருக்கும். நெடிய மணல்மேடுகளின் கடல் மேற்கே வெகு தொலைவில், லிபிய எல்லைப் பக்கம் இருக்கிறது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்கள் அந்தச் சிவப்பைக் கொண்டுவரவும் கூடும். அதுவும் இங்கே பொருந்தாது. சமணர் மலை அடிவாரத்தில் கீழக்குயில்குடிப் பக்கம் கிடக்கும் உடைகற்களின் சிதறலை நான் முன்நிலத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டேன். உருவத்தை மட்டும் அங்கிருந்து எடுத்து, நிறத்தைச் சுண்ணாம்புக்கல் துண்டிலிருந்து எடுத்தேன்.

மரத்திலும் கவனம் வேண்டும். நம் கை தானாகப் பனையைப் போட்டுவிடும். விசிறி ஓலை வந்துவிட்டால் படம் ராமநாதபுரத்துக்குப் போய்விடும். அங்கே நைல் கரையில் இருப்பது பேரீச்சை; இறகு போல நீண்ட ஓலை, அடிமட்டைகளின் வடு நிறைந்த தண்டு. நம் கண்மாய்க் கரைகளில் நிற்கும் ஈச்சமரம் அதற்கு நெருங்கிய சொந்தம். அதைப் பார்த்து ஓலையின் வளைவைப் பழகிக்கொண்டு, தண்டைச் சற்று உயர்த்தினால் போதும். என் படத்தில் பச்சைக் கோட்டின் மேல் நுனித் தூரிகையால் வைத்த சில புள்ளிகளாக மட்டுமே பேரீச்சை வருகிறது. அந்தப் புள்ளியிலும் பனையின் உருண்டைத் தலை வேறு, பேரீச்சையின் விரிந்து தொங்கும் தலை வேறு.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. பாலைவனப் படத்துக்கு விலையுயர்ந்த வண்ணங்கள் தேவையில்லை. மண் வண்ணங்களான மஞ்சள் காவி, ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, ரா அம்பர் ஆகியவற்றோடு இரண்டு நீலமும் வெள்ளையும் போதும். பண்டைய எகிப்தியரும் சுவர்ச் சித்திரங்களுக்குக் காவி மண்ணையே பெரிதும் நம்பினார்கள். நீலத்துக்கு மட்டும் மணல், சுண்ணாம்பு, செம்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டுத் தாங்களே ஒரு நிறமியை ஆக்கிக்கொண்டார்கள் என்பது, வண்ணம் குழைக்கும் எவருக்கும் நெஞ்சில் நிற்கும் செய்தி. ரா அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது விரைவில் காயும். முதல் பூச்சை அதில் டர்பன்டைன் கலந்து மெல்லியதாக இட்டுவிட்டு, மேலே போகப் போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். இந்த வரிசை மாறினால் பின்னால் வெடிப்பு விழும். மதுரையின் கோடையில் மேற்பரப்பு விரைவாக ஆடை கட்டுவதால் இதில் இரட்டைக் கவனம் தேவை. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும் இயல்புடையது. ஆகவே வானத்துக்கு, ஓவியர்களுக்கென்று விற்கும் குசும்பப்பூ விதை எண்ணெயைப் பயன்படுத்துவதும், காயும் காலத்தில் கித்தானைச் சுவர்ப் பக்கம் திருப்பி இருட்டறையில் வைக்காமல் வெளிச்சம் உள்ள இடத்தில் வைப்பதும் நல்லது.

படம் முடிந்து டீச்சர் வீட்டுக்குப் போனபோது, மனித உருவங்களை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிக அருகில் போய்த் தேடினார். மென்கவுரேயின் அடியில் ஒட்டகத்தை நடத்திக்கொண்டு போகும் மூவரைக் கண்டதும், "இவ்வளவு சிறுசா தம்பி மனுஷன்!" என்றார். பேரன் உடனே அளவுகோலை எடுத்துவந்து, மனிதர் உயரத்துக்கு எத்தனை மடங்கு பிரமிடு என்று அளந்து பார்க்கத் தொடங்கினான். பாடத்தில் படித்த எண்ணை ஒரு பிள்ளை தன் கையால் அளந்து சரிபார்க்கும்படி ஒரு படம் அமைந்துவிட்டது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

மாட்டும் இடத்தை அவரோடு சேர்ந்தே முடிவு செய்தோம். படத்தில் வெயில் வலப்புறத்திலிருந்து வருவதால், கூடத்தின் சன்னல் வலப்புறம் அமையும் சுவரில் மாட்டினோம். அறையின் வெளிச்சமும் படத்தின் வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்து வரும்போது வெயில் மேலும் நம்பத்தக்கதாகிறது. நேர் வெயில் படத்தின் மேல் விழக் கூடாது. வண்ணம் உள்வரை காய்வதற்குக் குறைந்தது ஆறு மாதமாவது விட்டு, அதன் பிறகே வார்னிஷ் பூச வேண்டும். அதுவரை ஈரத்துணி எதுவும் படாமல், உலர்ந்த மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டினால் போதும்.